மூன்று வருடம் வெளியூரில்

"இந்த மூணு வருஷம் எங்க இருந்தீங்க?"

காப்பீட்டு அலுவலகக் கவுண்ட்டர் பெண் கேட்டது அண்ணியின் காதுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. மத்தியானம் மூன்று மணி ஆனால் அவளுக்குக் காய்ச்சல் மெல்ல ஏறும். ஏற ஏற எல்லாம் பஞ்சு வைத்துக் கட்டியது போல ஆகிவிடும். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிற சத்தம் எங்கோ தூரத்தில் யாரோ துணி அலசுகிற சத்தமாகக் கேட்டது. வலி ஒன்றும் பெரிதாக இல்லை. மிதக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"வீட்லதான்" என்றாள்.

"வீட்ல என்ன பண்ணீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி ஜெயித்த பெண் இதுவரை பிறக்கவில்லை. சமைத்தேன், துவைத்தேன் என்று சொன்னால் அதெல்லாம் ஒரு வேலையா என்பார்கள். சும்மா இருந்தேன் என்று சொன்னால் பார்த்தாயா, நீயே ஒப்புக்கொள்கிறாய் என்பார்கள். அண்ணி இரண்டையும் சொல்லவில்லை. "என் நாத்தனாருக்கு உடம்பு சரியில்ல. அவளைப் பார்த்துக்கிட்டேன்" என்றாள்.

அண்ணி என்பது அவள் பெயர் இல்லை. அவள் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு தங்கை. அந்த ஒருத்திக்குத்தான் அவள் அண்ணி. ஆனால் அந்த ஒருத்தி மாடி வராந்தாவில் நின்றுகொண்டு நாளைக்கு நாற்பது தரம் "அண்ணீ" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பால் போடுகிறவரிலிருந்து சலவை நிலைய முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். சலவை நிலையத்தில் அவள் நீராவி இஸ்திரி போடுகிறவள். ஹோட்டல்களிலிருந்து மலை மலையாக வரும் வெள்ளை விரிப்புகளை ஒரு சுருக்கம் இல்லாமல் எடுத்துக் கொடுப்பாள். பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்தாள், மூன்று வருடம் நின்றாள், திரும்பவும் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. ஐந்து மாதம் ஆவி இருக்கிற பக்கமே தலை வைக்கக் கூடாது, படுக்கையில்தான் இருக்க வேண்டும், மீறிப் போனால் அந்தப் பக்கத்து நுரையீரலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்துக்கொண்டால் வீடு நடக்க நோய்க்கால உதவித்தொகை வந்தாக வேண்டும். அவள் வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். அவர் அனுப்புவது வாடகை கொடுத்ததும் மூச்சு வாங்கும்.

கவுண்ட்டர் பெண் கெட்டவள் இல்லை. பொறுமையாகவே விளக்கினாள். "கடைசி நாலு வருஷத்துல நூறு வாரம் சந்தா கட்டியிருக்கணும். உங்களுக்கு அறுபத்தி ரெண்டுதான் இருக்கு. ஆனா வீட்ல ஒரு நோயாளியைப் பார்த்துக்கறதுக்காக வேலையை விட்டிருந்தா, அந்த வாரமெல்லாம் கட்டின மாதிரியே கணக்கு. அதுக்கு மூணு காகிதம் வேணும். டாக்டர் கொடுத்த சீட்டு, அந்த நோயாளியே எழுதிக் கொடுத்த வாக்குமூலம், அப்புறம் சொந்தக்காரங்களா இல்லாம பக்கத்துல குடியிருக்கற ஒருத்தரோட சாட்சி. இருபது நாள் டைம்."

அண்ணி கையோடு கொண்டு போயிருந்த, நாத்தனாருக்கு வாங்கிய பழைய டாக்டர் சீட்டுகளை நீட்டினாள். கட்டாக இருந்தன. கவுண்ட்டர் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு அண்ணியை ஏறிட்டுப் பார்த்தாள். திரும்பவும் சீட்டைப் பார்த்தாள்.

"இதுல நோயாளின்னு உங்க பேர்தாங்க இருக்கு."

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆமாம், அவள் பெயர்தான் இருந்தது. அவளே கொடுத்த பெயர்தான்.

நடந்தது இதுதான். நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை நாத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. காரணம் கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது. காதல் தோல்வி இல்லை, கடன் இல்லை, யாரும் சாகவில்லை. ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலைக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த முப்பத்து நாலு வயதுப் பெண். திடீரென்று உள்ளே யாரோ சுவிட்சை அணைத்துவிட்டார்கள். தனியாக விட்டால் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அதை மறந்து போவாள். ஒருநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதற்குக் கீழேயே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அண்ணி சலவை நிலையத்துக்குப் போய் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நாத்தனார் அந்த முதல் வாரத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி. பைத்தியம்னு சொல்லுவாங்க."

அண்ணி சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் மட்டும் போதுமா? பக்கத்துக் குடித்தனத்தில் பூதக்கண்ணாடி அம்மா இருந்தார். பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். மேசையைச் சுவரோரம் போட்டு, சிவப்புப் பேனாவோடு பகலெல்லாம் உட்கார்ந்திருப்பார். புத்தகத்தில் மட்டும் இல்லை, தெருவிலும் எந்தப் பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "என்ன, உங்க நாத்தனாரை ஒரு வாரமா காணோமே?" என்று அவர் கேட்டபோது அண்ணியின் வாயிலிருந்து வந்துவிட்டது: "வெளியூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டாம்மா."

எந்த ஊர், என்ன வேலை, எங்கே தங்கியிருக்கிறாள்? கேட்பார் அல்லவா? கேட்டார். அண்ணி அளந்து விட்டாள். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே பல்புத் தொழிற்சாலை. செய்து வருகிற பல்பை ஒவ்வொன்றாக மாட்டி, எரிகிறதா என்று பார்க்கிற வேலை. மூன்றாவது மாடியில் அறை. வீட்டுக்காரம்மா ஒரு கிளி வளர்க்கிறார், அது பேசாது. தெரு அவ்வளவு சரிவு, ரொட்டிக்காரர் தன் வண்டியைக் கயிற்றால் விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டுத்தான் வியாபாரம் செய்வார். இதையெல்லாம் எங்கிருந்து பிடித்தாள் என்று அவளையே கேட்டால் தெரியாது. பதினோரு வருடம் வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றவள், அதன் மேல் என்னென்ன வரைந்து வைத்திருந்தாளோ!

சொல்லிவிட்டு வந்து, இருட்டறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாத்தனாரிடம் ஒப்புவிப்பாள். அது அவசியமாகவும் இருந்தது. என்றைக்காவது எழுந்து வெளியே வந்தால் இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டுமே. "இன்னிக்கு உனக்கு அங்க மழை. ஏரி மேல மழை பெஞ்சா சத்தமே வராதாம். நீ ஆயிரத்து இருநூறு பல்பு பார்த்திருக்க. நாலுதான் எரியல." சுவர் கேட்டுக்கொண்டிருந்தது. நாத்தனாரின் முதுகு கேட்டுக்கொண்டிருந்ததா என்பது தெரியாது. அண்ணி சோறு ஊட்டுவாள், தலை வாருவாள், குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். பிறகு மத்தியானத்தில் அந்த ஊருக்குப் போய்வருவார்கள். மாதத்துக்கு ஒருமுறை விடிகாலையில் நாத்தனாரின் தலையில் துப்பட்டாவைச் சுற்றி ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற டாக்டரிடம் கூட்டிப்போவாள். அங்கேயும் யார் கண்ணிலாவது பட்டுவிட்டால் என்ன செய்வது என்று தன் பெயரையே எழுதிக் கொடுத்தாள். சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

ஒருநாள் பூதக்கண்ணாடி அம்மா மடக்கிவிட்டார். "போன மாசம் மூணாவது மாடின்னீங்க. இப்போ ரெண்டாவது மாடிங்கறீங்க?" அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீடு மாறிவிட்டாள் என்று எதையோ மென்று முழுங்கிவிட்டு உள்ளே வந்து, "ரெண்டாவது மாடியாவே வச்சுக்கலாமா?" என்று முதுகைப் பார்த்துக் கேட்டாள். ஐந்து மாதமாக வாய் திறக்காத முதுகு பேசியது. "மூணாவதே இருக்கட்டும் அண்ணி. அங்கிருந்துதான் ஏரி தெரியும்."

அண்ணி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அப்படித்தான் நாத்தனார் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தாள். டாக்டரின் மாத்திரை பாதி, ஏரிக்கரை பாதி. மூன்று வருடம் கழித்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முதல்நாள் பின்வழியாக வெளியே போய் மறுநாள் முன்வழியாக உள்ளே வந்தாள். ஊரிலிருந்து திரும்பியாயிற்று. இப்போது கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். அங்கே எல்லோருக்கும் பல்புத் தொழிற்சாலைக் கதைகள் மனப்பாடம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், உண்மையிலேயே அங்கே இருந்தவளின் முகம் அது. சில நேரம் அண்ணிக்கே சந்தேகம் வந்துவிடும்.

இப்போது அரசாங்கம் கேட்பது என்ன? அந்த ஊரே இல்லை என்று நாத்தனார் தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அண்ணி படுத்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் அண்ணி ஆவிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

அண்ணி படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வீட்டுக்கு வந்து, "கொடுக்க மாட்டாங்களாம். சந்தா பத்தலையாம்" என்றாள். அது பொய் இல்லை. அண்ணிக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இருந்ததால் உண்மையை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

"அப்போ என்ன பண்றது?" என்றாள் நாத்தனார்.

"என்ன பண்றது, திங்கட்கிழமை வேலைக்குப் போறேன். டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

திங்கட்கிழமை போனாள். சலவை நிலையத்தில் அன்றைக்கு ஏதோ பெரிய கல்யாண மண்டபத்தின் விரிப்புகள் வந்திருந்தன. பெட்டியை அழுத்தினால் புஸ்ஸென்று ஆவி எழும்பி முகத்தைத் தொட்டுவிட்டு மேலே போகும். பத்து மணி வரைக்கும் சமாளித்தாள். பதினோரு மணிக்கு மேல் ஆவிக்குள் ஏரி தெரிய ஆரம்பித்தது. நல்ல பெரிய ஏரி. கரையோரம் வரிசையாகப் பல்புகள் எரிந்தன. பகலில் எதற்கு எரிகின்றன, யாராவது அணைக்கக் கூடாதா என்று அண்ணிக்குக் கவலையாக இருந்தது. அணைக்கலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். ஏரியில் கால் வைத்தால் ஈரமே இல்லை, மெத்தென்று வெள்ளையாக இருந்தது. அதில் அப்படியே சாய்ந்துகொண்டாள். ஆகா, எவ்வளவு சுகம்! தூரத்தில் முதலாளி "அண்ணி, அண்ணி" என்று கத்துவது கேட்டது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

கண் விழித்தபோது வீட்டில் படுத்திருந்தாள். நாத்தனாரின் பழைய கட்டில், அதே சுவர். கட்டிலுக்குப் பக்கத்தில் நாத்தனார் மருத்துவமனைச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். முதலாளி போன் செய்து கூப்பிட்டிருக்கிறார். மடியில் அண்ணியின் கைப்பை இருந்தது. காப்பீட்டு அட்டையைத் தேடி அதைத் திறந்திருக்கிறாள். கையில் அந்தப் படிவம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது?"

"நான் எழுதிக் கொடுத்தா உங்களுக்குக் கிடைக்கும்னு போட்டிருக்கு."

"போட்டிருந்தா போட்டுட்டுப் போகட்டும். உன்னை யாரு கேட்டா?"

நாத்தனார் படிவத்தை மடியில் வைத்து விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்தபடியே பேசினாள். "எனக்குக் கோபம் வருது அண்ணி. உங்க மேல இல்ல, இந்தக் காகிதத்து மேல. மத்தவங்களுக்கு அவங்க வாழ்க்கையில எத்தனையோ வருஷம் இருக்கும். எனக்கு நல்லா இருந்த வருஷம்னு எடுத்துப் பார்த்தா அந்த மூணு வருஷம்தான் ஞாபகம் வருது. அந்த ரூம்ல உங்க கூட இருந்தது இல்ல. அங்க, ஏரிக்கரையில இருந்தது. இருட்டுல படுத்திருந்தேனே, அது எனக்கு ஞாபகமே இல்ல. இதுல கையெழுத்துப் போட்டா அங்க நான் இல்லவே இல்லைன்னு ஆயிடும். அப்புறம் நான் எங்கதான் இருந்தேன்?"

அண்ணி கையை நீட்டி நாத்தனாரின் முழங்காலைத் தொட்டாள். கை கொதித்தது. நாத்தனார் அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எழுந்து போய்த் துணியை நனைத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாள் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நாத்தனார் விடுப்பு எடுத்துக்கொண்டாள். மாத்திரை கொடுத்தாள், முதுகுக்குத் தலையணை வைத்தாள், மூச்சு எப்படி இருக்கிறது என்று மணிக்கு ஒருதரம் காதை நெஞ்சில் வைத்துக் கேட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணி தூக்கமும் விழிப்புமாகக் கிடந்தபோது மேசையில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது. பிறகு நாத்தனார் வந்து தோளைத் தொட்டாள்.

"எழுதிட்டேன். வாங்க, பக்கத்து வீட்டுக்குப் போவோம். சாட்சிக் கையெழுத்து வாங்கணும்."

"பூதக்கண்ணாடிகிட்டயா?" அண்ணி பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அந்தம்மாகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கற மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான். வேற ஒண்ணும் இல்லையே நம்மகிட்ட."

பூதக்கண்ணாடி அம்மா கதவைத் திறந்தார். வீடு முழுக்கக் காகிதம். நாற்காலியில் இருந்த காகிதக் கட்டுகளைத் தரைக்கு மாற்றி, அண்ணியை உட்கார வைத்தார். நாத்தனார் உட்காரவில்லை. நின்றபடியே, ஒரே மூச்சில் சொன்னாள். ஊர் இல்லை. பல்பு இல்லை. கிளி இல்லை. மூன்று வருடமும் அந்தப் பக்கத்து அறையில் படுத்துக் கிடந்தேன். எனக்கு மனசு சரியில்லாமல் போயிருந்தது. சாப்பிடத் தெரியவில்லை, குளிக்கத் தெரியவில்லை. அண்ணிதான் பார்த்துக்கொண்டார். எங்கேயும் நிற்கவில்லை.

பூதக்கண்ணாடி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டினார்.

"அப்போ அந்த ஊர்?"

"இல்லைம்மா."

"என் தங்கச்சி மகளை அந்த ஊருக்கு லீவுக்குப் போயிட்டு வான்னு அனுப்பினேனே! பஸ் ஸ்டாண்டுல அப்படி ஒரு ஊரே இல்லைன்னாங்களாம். உங்களுக்குத் தெரியலைன்னு சொல்லுங்க, ஊர் இல்லைன்னு சொல்லாதீங்கன்னு போன்ல அந்த ஆளைப் பிடிச்சு நான் ஒரு வாங்கு வாங்கினேன்!"

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து இருமலாக முடிந்தது. பூதக்கண்ணாடி அம்மா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். கொடுக்கும்போதும் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. "என் காதுல இப்படிப் பூ சுத்தியிருக்கீங்க" என்றார். கோபமும் வருத்தமும் கலந்திருந்தது. அண்ணிக்கும் அது நியாயமாகவே பட்டது.

படிவத்தை வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனா பழக்கதோஷத்தில் இரண்டு இடத்தில் காகிதத்தை நோக்கி இறங்கியது, தடுத்துக்கொண்டார். சாட்சிக்கான கட்டத்துக்கு வந்தார். 'மேற்படி நபர் மேற்படி காலத்தில் அந்த வீட்டில் நோயுற்று இருந்ததை நான் அறிவேன்.' அதை இரண்டு தரம் படித்தார். பேனாவை மூடினார்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

"அம்மா..." என்றாள் அண்ணி.

"நான் அறிவேன்னு போட்டிருக்கு. நான் அறியலையே! நான் அறிஞ்சதெல்லாம் ஏரியும் கிளியும்தான். நீங்க இப்போ சொல்றதுதான் உண்மைன்னு நான் நம்பறேன். நம்பறது வேற, அறியறது வேற. நாப்பது வருஷமா பிழையை எடுக்கறவ நான், போடறவ இல்ல. இத்தனை வருஷம் கழிச்சு உங்களுக்காக ஒரு பிழையைப் போட்டுட்டு நாளைக்கு அவங்க வந்து என்னம்மா பார்த்தீங்கன்னு கேட்டா, நான் என்ன சொல்றது?"

அவர் சொன்னது சரி. அதுதான் கொடுமை. அண்ணிக்கு ஏனோ ஒருவித நிம்மதி கூட வந்தது. முடிந்தது, இனி போராட வேண்டாம், திங்கட்கிழமை ஆவிக்குள் போய் அந்த வெள்ளை ஏரியில் படுத்துக்கொள்ளலாம். நாற்காலியில் இருந்தபடியே கண்ணை மூடினாள். மத்தியான வெளிச்சம் இமைக்குள் ஆரஞ்சாக அசைந்தது.

நாத்தனார் மேசைக்கு மேலே இருந்த சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். "இதுக்கு அந்தப் பக்கம்தான் என் தலை இருந்துச்சு" என்றாள். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

"அங்கயா?" என்றார் பூதக்கண்ணாடி அம்மா. "அங்க ரேடியோ இல்ல வச்சிருந்தீங்க?"

"எங்க வீட்ல ரேடியோவே இல்லையே."

பூதக்கண்ணாடி அம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிக்கும்" என்றார் மெதுவாக. "வார்த்தை புரியாது. சுவர் வழியா வெறும் இழுவை மட்டும்தான் வரும். நாடகம் போலன்னு நினைச்சுக்குவேன். அது வரலைன்னா எனக்கு வேலை ஓடாது. ஒருத்தி பேசிக்கிட்டே இருப்பா. இன்னொருத்தி பதிலே சொல்ல மாட்டா. இது என்ன நாடகம், இவ என்னைக்குத்தான் வாய் திறப்பான்னு இருக்கும். உங்க குரல் எனக்குத் தெரியாதா அண்ணி? தினம் கேட்கற குரல்தானே. ஆனா அது வேற மாதிரி இருந்துச்சு. அதுல அவசரமே இல்ல."

அண்ணி கண்ணைத் திறந்தாள்.

"ஒருநாள் அந்த இன்னொருத்தி சிரிச்சா" என்றார் பூதக்கண்ணாடி அம்மா. "நான் எட்டாம் வகுப்பு பூகோளம் பார்த்துக்கிட்டிருந்தேன். வெளிய மழை. சட்டுன்னு சிரிச்சா. சின்னதாத்தான். நான் பேனாவைக் கீழ வச்சுட்டேன். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. எதுக்கு அப்பாடான்னு எனக்கே தெரியல, ரேடியோவுல யாரோ சிரிச்சதுக்கு."

அண்ணிக்கு அந்த நாள் தெரியும். அன்றைக்கு அவளுக்கு ஒரே அசதி. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கி, தூக்கத்தில் நாக்கு குழறி, "அந்த எரியாத நாலு பல்பையும் நல்லா நீவி மடிச்சு ஹோட்டலுக்கு அனுப்பிடு" என்று சொல்லிவிட்டாள். கட்டிலிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. உலகத்தில் அதைக் கேட்டது தான் ஒருத்தி மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தியும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்! அண்ணி வாய்விட்டு அழுதாள். மறைக்கவில்லை, குழாயைத் தேடவும் இல்லை.

பூதக்கண்ணாடி அம்மா நீலப் பேனாவை எடுத்தார். அச்சடித்த வரியை அடித்துவிட்டுக் கீழே தன் கையால் எழுதினார். 'இந்த வீட்டின் சுவருக்கு அப்பால், மேற்படி மூன்று வருடங்களும், நாள் தவறாமல் மத்தியானத்தில், ஒருவர் பதில் பேசாத இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். எட்டாம் வகுப்புப் புத்தகம் அச்சுக்குப் போன வருடத்து மழைக்காலத்தில் அந்த இன்னொருவர் ஒருமுறை சிரித்ததையும் கேட்டேன். கேட்டதை மட்டும் எழுதியிருக்கிறேன்.' கையெழுத்துப் போட்டார். ஒருமுறை படித்துப் பார்த்து, ஒரு காற்புள்ளியைச் சேர்த்தார்.

நாத்தனார்தான் கொண்டு போனாள். விடிகாலையில் துப்பட்டா சுற்றிப் போய்க்கொண்டிருந்த அந்தப் பழைய டாக்டரிடம் முதலில் போனாள். முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, அவர் தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை மாதம் பார்த்த நோயாளி இவள்தான் என்று புதிதாக எழுதிக் கொடுத்தார். பிறகு அலுவலகம். கவுண்ட்டர் பெண் சாட்சியின் வரிகளைப் படித்துவிட்டு, "சத்தம் கேட்டதையெல்லாம் சாட்சின்னு எடுத்துக்கலாமான்னு தெரியலையே" என்று உள்ளே எடுத்துப் போனாள். அரைமணி நேரம் வரவில்லை. வந்தபோது அவளுக்குப் பின்னால் ஒரு அதிகாரியும் வந்தார். "நோயாளி யாரு?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டார். அத்தனை நாற்காலிகளும் திரும்பின.

"நான்தான்" என்றாள் நாத்தனார்.

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. முத்திரையை எடுத்தார்.

கண் மருத்துவமனையில் மேற்பார்வையாளரிடம் அவள் தானாகவே போய்ச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நாளைக்குக் காலை ஷிப்ட் வர முடியுமா?" என்றார். இதற்காகவா இத்தனை நாள் நெஞ்சு அடித்துக்கொண்டது என்று அவளுக்கு ஆத்திரமே வந்தது.

அண்ணி ஐந்து மாதமும் படுத்துக்கொண்டாள். அந்த அறையில் ஜன்னல் திரையை நீக்கிவிட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு வரும் காய்ச்சல் மெல்ல நாலரைக்குத் தள்ளிப் போயிற்று, பிறகு வராமலே போயிற்று. அதற்கு முன்னால், இரண்டாவது வாரத்தில் ஒருநாள், கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் போல. அறைக்குள் படுத்திருந்த அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பழக்கம் விடுமா?

"அண்ணி அண்ணின்னு எல்லாரும் சொல்றாங்களே, அவங்க வீடுதானே இது? பத்து நாளா ஆளையே காணோமே. வெளியூருக்குப் போயிருக்காங்களா?"

நாத்தனாரின் குரல், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், கூடத்தைத் தாண்டி வந்தது.

"இல்லைங்க, வீட்லதான் இருக்காங்க. உடம்பு சரியில்ல. உள்ள வந்து பாருங்க."